உடல்நலப் பக்கம்: செமியாக்குணமும் பித்தப்பை ஸ்கானும்



"சாப்பிட்டது செமிக்குதில்லை, வயிறு ஊதுது, ஏப்பம் வருது" என்ற முறைப்பாடு எங்கள் வீடுகளில் என்றும் உண்டு. அல்ட்ராசவுண்ட் எடுத்து, "பித்தப்பையில் கல்" என்று அறிக்கை வந்துவிட்டால், பையை வெட்டி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல.

பித்தப்பை ஈரலின் கீழே, வலது பக்கத்தில் இருக்கிறது. ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துச் செறிவாக்குவது அதன் வேலை. கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் கொலெசிஸ்டோகைனின் என்ற ஹோர்மோன் சுரக்கும். உடனே பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடும். இந்த ஹோர்மோனை 1928இல் சிக்காகோவில் ஐவி, ஓல்ட்பேர்க் என்ற இருவர் கண்டறிந்தனர்.

சாதாரண ஸ்கான் கல்லைக் காட்டும். பை சுருங்குகிறதா என்பதைக் காட்டாது. அதை அறியவும் ஒரு வழி உண்டு. 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிற்றுடன் இருந்தபின் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி, 0.52ஆல் மீண்டும் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். பிறகு கொழுப்புள்ள உணவு தந்து, மறுபடி அளப்பார்கள். முதலில் 30 மில்லிலீற்றர், பின்னர் 9 என்றால், 70 வீதம் வெளியேறியிருக்கிறது. பை நன்றாக வேலை செய்கிறது. இதில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் கொடுக்கும் உணவும் அளக்கும் நேரமும் இடத்துக்கிடம் வேறுபடுவதால், எல்லோருக்கும் பொதுவான ஓர் எல்லை இல்லை. நீண்டகால நீரிழிவும் மோர்பீன் வகை நோ மாத்திரைகளும்கூடப் பையை மந்தமாக்கும். இன்சுலின் போடுபவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இந்தச் சோதனைக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஆகவே குறைந்த எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்காதீர்கள். நோவின் தன்மையே முக்கியம். பித்தப்பை நோவு மேல்வயிற்றின் நடுவிலோ வலது பக்கத்திலோ வந்து, அரை மணிக்கு மேல் விடாமல் நிற்கும்; முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும்; நித்திரையைக் கலைக்கும். வெறும் ஏப்பமும் ஊதலும் பெரும்பாலும் வேறு காரணத்தால் வருபவை. பையை எடுத்த பின்னும் அவை தொடரலாம். கல் இருந்தும் ஒரு தொல்லையும் இல்லாதவர்களே அதிகம்.

செமியாக்குணம் நீடித்தால் என்ன செய்வது? கனடிய, அமெரிக்கக் குடல்நோய் வைத்தியர் சங்கங்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, 60 வயதுக்குக் கீழானவர்களுக்கு முதலில் ஹெலிக்கோபக்டர் கிருமிக்கான சோதனையையும், 60ஐ எட்டியவர்களுக்குக் குழாய்க் கமரா சோதனையையும் பரிந்துரைக்கிறது.

காய்ச்சலுடன் வயிற்று நோவு, கண் மஞ்சளாதல், கறுப்பு மலம், விழுங்கக் கஷ்டம், காரணமின்றி மெலிதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். வியர்வையுடன் நெஞ்சு இறுகினால், "வாய்வு" என்று இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருக்காமல் 911ஐ அழையுங்கள். எங்களவரிடையே மாரடைப்பு அதிகம்.

வைத்தியரிடம் "பையை எடுக்கலாமா?" என்று கேட்பதற்கு முன்னர், "என் நோவு பித்தப்பையில் இருந்துதான் வருகிறதா?" என்று கேளுங்கள்.