குற்றவாளிக் கூண்டில் குழந்தைகளா?

பூமி உருண்டைக்குக் கண்ணும் வாயும் வரைந்து, வாயிலே ஒரு வெப்பமானியைச் செருகி, கன்னத்தில் இரண்டு கண்ணீர்த் துளிகளையும் தொங்கவிட்டால், காலநிலை மாற்றத்தைக் குழந்தைகளுக்கு விளக்கியாயிற்று என்று நம்மவர் எண்ணுகின்றனர். படத்தின் கீழே எழுதவேண்டிய வாசகமும் ஆயத்தமாக இருக்கிறது: மனிதனின் பேராசையால் பூமித்தாய் நோயுற்றாள், ஆகவே பிள்ளைகளே, மரம் நடுங்கள், மின்குமிழை அணையுங்கள், பொலித்தீனைத் தவிருங்கள். சுற்றாடல் தினத்தன்று சுவரொட்டிப் போட்டி நடைபெறுகிறது. பரிசு வழங்கப்படுகிறது. எல்லாரும் கலைந்து செல்கின்றனர்.

இந்தப் பாடத்தை எல்கடுவைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்போம்.

மாத்தளை மாவட்டத்தில், வத்தேகமையிலிருந்து மேலேறும் பாதையில், ஹுன்னஸ்கிரிய மலையடுக்குகளினிடையே அமைந்தது எல்கடுவ. வெளியூரிலிருந்து வருவோர் அங்கு நீர்வீழ்ச்சியையும் பனிமூட்டத்தையும் கண்டு களித்துத் திரும்புகின்றனர். அங்கேயே பிறந்து வளரும் தோட்டத்துப் பிள்ளை காண்பது வேறு. அதன் வீடு லயத்திலுள்ள ஒரு காம்பரா. லயத்துக்குப் பின்னால் மண்வெட்டு, முன்னால் சரிவு. தாய் விடியலிலே கொழுந்துக்கூடையுடன் மலைக்குப் போகிறாள். அடுப்பில் எரிவது தேயிலைக் கவாத்து விறகு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலே மலைகள் பிளந்து இறங்கின. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் மலைநாட்டு வகுப்பறைகளிலே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் ஒரே கேள்விதான் கிடந்து உறுத்துகிறது: இன்றிரவு மழை பெய்தால் எங்கள் மலையும் இறங்குமா?

இந்தப் பிள்ளையிடம் போய், "மின்குமிழை அணை" என்று சொல்வதற்கு நமக்கு நா எழுமா? எழுகிறதென்றால் அந்த நா யாருடைய நா?

இப்பாடத்தின் முதற்குற்றம் 'மனிதன்' என்னும் சொல்லிலே பதுங்கியிருக்கிறது. எந்த மனிதன்? இலங்கையிலே ஒருவர் பங்குக்கு ஆண்டொன்றில் வெளியாகும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன். அமெரிக்காவிலே அது 14 தொன் அளவு. இலங்கையின் அந்த ஒரு தொன்னிலும் லயத்துக் காம்பராவின் பங்கு எவ்வளவு என்பதை, குளிரூட்டிய மாளிகையும் மோட்டார் வாகனமும் இல்லாத அந்த வாழ்க்கையைப் பார்த்தே ஊகித்துக்கொள்ளலாம். உண்டவனையும் பட்டினி கிடந்தவனையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, 'நாம் எல்லோரும் சேர்ந்து உண்டு தீர்த்தோம்' என்று கணக்கெழுதுவது கல்வியாகாது. கணக்கப்பிள்ளையின் பொய்க்கணக்குக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

தனிமனிதன் ஒவ்வொருவனும் தன் 'காபன் அடிச்சுவட்டை' அளந்து குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எவ்வாறு பரவியது என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே அதை விளம்பரத்தின் மூலம் உலகெங்கும் கொண்டுசென்றது பிரிட்டிஷ் எண்ணெய்ப் பெருநிறுவனமான பி.பி. ஆகும். எண்ணெய் விற்பவன் வாங்குபவனைப் பார்த்து, 'உன் காலடியைப் பார்' என்றான். அவன் கையை யாரும் பார்க்கவில்லை. அந்த விளம்பரத்தையே நாம் இன்று பாடமாக்கிப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புகட்டுகிறோம்.

இரண்டாவது குற்றம் அறியாமை. ஓசோன் படையில் துவாரம், பொலித்தீன், குப்பை, காடழிப்பு, வெப்பமேறுதல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி அதற்குச் 'சுற்றாடல் மாசு' என்று பெயரிட்டிருக்கிறோம். பொலித்தீன் கேடானதுதான், வடிகானை அடைத்து வெள்ளத்தைப் பெருக்கக்கூடியதுந்தான். ஆனால் பூமி சூடேறுவதற்கு முதற்காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்படுவதே. இந்த ஒரு வரியைத் தெளிவாக அறியாத பிள்ளை, குப்பை பொறுக்கினால் புயல் நின்றுவிடும் என்று நம்பும். நின்றுவிடாதபோது அறிவியலையே நம்பாது போகும்.

விஞ்ஞானம் கடினமானது, குழந்தைக்கு விளங்காது என்று சிலர் தட்டிக்கழிப்பர். எல்கடுவைப் பிள்ளைக்கு இதை விளக்க வேற்றூர் உவமை தேவையில்லை. தாயின் கம்பளி போதும். பனியிலும் தூறலிலும் கொழுந்தெடுக்கும் பெண் கம்பளியைப் போர்த்துக்கொள்கிறாள். கம்பளியிலே நெருப்பு இல்லை. அவளுடைய உடற்சூட்டை வெளியே போகவிடாது தடுப்பதே அதன் வேலை. பூமிக்கும் அத்தகைய கம்பளி ஒன்று உண்டு. வளிமண்டலத்தின் நீராவியும் காபனீரொட்சைட்டும் மெதேனும் சேர்ந்து நெய்த கம்பளி அது. அஃது இல்லையேல் பூமி பனிக்கட்டியாய் உறைந்துவிடும். ஆயின் கம்பளியின்மேல் கம்பளியாகப் போர்த்திக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். விடையைப் பிள்ளையே சொல்லும்.

காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது நேற்றைய கண்டுபிடிப்பன்று. 1856இலே யூனிஸ் பூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து அதனைக் காட்டினார். 1859இலே ஜோன் டிண்டல் இலண்டனில் அளந்து நிறுவினார். 1958இலே ஹவாய்த் தீவின் மலையொன்றில் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது. 2024ஆம் ஆண்டின் வெப்பம், கைத்தொழில் யுகத்துக்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ 1.5 பாகை கூடியிருந்தது.

ஒரு பாகை கூடினால் என்ன, ஒன்றரை கூடினால் என்ன என்று பிள்ளை கேட்கும், கேட்கவேண்டும். காற்று ஒரு பாகை சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடுகிறது. சூடான கடலின் மேலே எழும் முகில் முன்னிலும் கூடுதலான நீரைச் சுமந்து வந்து மலையின்மேல் கொட்டும். டித்வா இதனால் மாத்திரமே பிறந்தது என்று சொல்லக்கூடாது. புயல்கள் முன்னரும் வந்தன. ஆனால் வரும் புயலின் கையிலே நீர்ச்சுமை கூடிவிட்டது என்று சொல்லலாம். சொல்லக்கூடியதையும் சொல்லக்கூடாததையும் பிரித்துக்காட்டுவதுதான் விஞ்ஞானப் பயிற்சி.

இங்கு பாடம் முடிந்துவிடுமானால் அது பாதிப் பாடமே. ஏனெனில் முகில் கொட்டிய இடமெல்லாம் உயிர் போகவில்லை. மழை எல்லார்க்கும் பொது என்பர், மண்சரிவு பொதுவானதா?

மலையின் வரலாற்றைச் சொல்லாது மலை சரிந்த கதையைச் சொல்ல இயலாது. இம்மலைகள் ஒரு காலத்திலே காடாக இருந்தன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உடைமைப் பத்திரம் காட்ட முடியாத நிலத்தை அரசுக்குரியதாக்கியது. அந்நிலம் கோப்பித் துரைமார்களின் கைக்கு மாறியது. காடு வெட்டி எரிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சி வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே கணக்கற்றோர் மாண்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. பிரித்தானிய ஆலைகளிலே நிலக்கரியை எரித்து வானத்தின் கம்பளியைத் தடிக்கச் செய்த அதே முதலாளித்துவம்தான், இங்கே சரிவின் காட்டை அழித்து அதன் விளிம்பிலே தொழிலாளியைக் குடியிருத்தியது. மேலிருந்து வரும் ஆபத்துக்கும் காலடியிலுள்ள ஆபத்துக்கும் மூலம் ஒன்றே.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் குடியிருக்கத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களுக்குப் போக இடம் இருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், பின்னர் வாக்குரிமை பெற்றும் காணியுரிமை பெறாதிருந்தனர். இதை 'இயற்கையின் சீற்றம்' என்று எழுதியவர்கள் இன்று 'காலநிலை மாற்றம்' என்று எழுதக் கற்றுக்கொண்டுவிட்டனர். பழைய சாக்குக்குப் புதுப்பெயர்! வானத்தைச் சுட்டிக்காட்டும் விரல் நிலத்தை மறைக்குமானால், அந்த விரலை மடக்கச் சொல்வது ஆசிரியரின் கடமை.

'வகுப்பறைக்குள் அரசியலா?' என்று சிலர் பதறக்கூடும். யார் எரித்தார், யார் சாகிறார் என்பதைச் சொல்வது அரசியலென்றால், அதை மறைப்பது மட்டும் எவ்வாறு அரசியலற்றதாகும்? 'பிஞ்சு உள்ளங்களை அச்சுறுத்தலாமா?' என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு உலகம் அழியப்போகிறது என்று கதை சொல்லி உறக்கத்தைக் கெடுப்பது கொடுமையே. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு நாம் அச்சத்தைப் புதிதாகக் கொடுக்கப்போவதில்லை. அது ஏற்கெனவே அதனிடம் இருக்கிறது. காரணம் அறிந்த அச்சம் எச்சரிக்கையாக மாறும். காரணம் அறியாத அச்சம் விதியென்று அடங்கும்.

நம்முடைய தோழர்களிலும் சிலர் தவறு செய்கின்றனர். 'காலநிலை என்பது வெள்ளையரின் கவலை. நமக்கு முதலிலே சம்பளம்' என்கின்றனர். வறட்சியில் கொழுந்து குறைந்தால் பேர் குறைகிறது. அடைமழையில் மலைக்குப் போக இயலாவிட்டால் அன்றைய பேர் இல்லை. தொழிலாளியின் சம்பளச் சீட்டிலே வானிலை எழுதப்பட்டிருக்கும்போது அதை வெள்ளையருக்கு விட்டுக்கொடுப்பது என்ன முற்போக்கு?

ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? ஒரு தகரப்பேணியும் அடிமட்டமும் இருந்தால் மழையை அளக்கலாம். விளைச்சற் கணக்குக்காகத் தோட்டங்களில் மழையை அளந்து குறித்துவைப்பது நெடுநாள் வழக்கம். உயிர்க்கணக்குக்காகப் பிள்ளைகள் அளக்கட்டும். சரிவான நிலத்தில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100ஆனால் எச்சரிக்கை, 150ஐ எட்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். இதை வாய்ப்பாடுபோல் பிள்ளைகள் அறியவேண்டும். சுவரிலே புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகிய அறிகுறிகளையும் அறியவேண்டும். தாத்தா, பாட்டியிடம் பழைய மழைகளைப் பற்றிக் கேட்டு எழுதிவரட்டும். அதன் பின்னர் மரமும் நடட்டும். தண்டனையாக அன்று, சரிவைப் பிடிக்கும் வேர் எது என்று தெரிந்து நடட்டும்.

வெளியேறு என்று அளவுகோல் சொல்லும் இரவிலே, 'எங்கே போவது?' என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆசிரியரிடம் விடை இல்லை. பாதுகாப்பான காணியும் தனிவீடும் கேட்டுப் போராடும் பெற்றோரிடமும், அதைக் கொடுக்கக் கடமைப்பட்ட அரசிடமும், பூமியைச் சுட்டெரித்துச் செல்வம் சேர்த்த நாடுகளிடமுமே அதன் விடை இருக்கிறது. இழப்புக்கு ஈடுசெய்ய ஒரு நிதியம் வேண்டுமென்று 2022இலே ஐ.நா. காலநிலை மாநாட்டில் அந்நாடுகள் ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்ட பணம் எல்கடுவை லயத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கும் உரிமையை அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்போம்.

கண்ணீர் விடும் பூமிப்படத்தைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். அங்கே பிள்ளைகள் அளந்த மழையின் அட்டவணையை மாட்டுங்கள்.