இரண்டு சென்டிமீட்டர் அத்தை

போன மாசம் என் அத்தை காலமானார். எண்பத்தோரு வயசு, கல்யாணச் சாவு என்றார்கள். பதினாறாம் நாள் மாலை போட்டு வைக்க நல்ல படமாக ஒன்று தேடினோம். தேறியது ஒன்றே ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், பேரன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்று, கும்பகோணம் பக்கத்து வீட்டு முற்றத்தில் தொழில்முறைப் புகைப்படக்காரர் எடுத்தது.

அத்தையின் வலது கண்ணில் இமை முடியை எண்ணலாம். அவ்வளவு துல்லியம். இடது கண் கொஞ்சம் மசமச. காதுத் தோடு நனைந்த மாதிரி ஒரு பொட்டு. அத்தைக்குப் பின்னால் இருப்பது... மோர். கெட்டியான, சீரான மோர்.

அந்த மோருக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஊஞ்சல் சங்கிலி, துளசி மாடம், ஒரு மரத்தூண். பேரன் பேத்திகளை ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தத் தூணில் நிற்க வைத்து, உயரம் அளந்து, பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார் அத்தை. இருபது வருஷக் கோடுகள். கல்யாணம் முடிந்த அடுத்த வருஷமே வீடு கைமாறி இடித்தாகிவிட்டது. தூண் யார் வீட்டு விறகானதோ!

அந்தப் புகைப்படக்காரரைக் கூப்பிட்டேன். "தம்பி, பின்னாடி தெரியுற மாதிரி வேற ஏதாவது ஷாட் இருக்கா?"

"இல்ல ஸார். எல்லாமே எயிட்டி ஃபைவ், ஒன் பாயின்ட் டூல எடுத்தது. பேக்ரவுண்ட் அப்படியே வெண்ணெய் மாதிரி கரையும் ஸார். அதுக்காகத்தானே அந்த லென்ஸே வாங்கினோம்!"

குரலில் பெருமை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

லென்ஸ் விமர்சனம் என்று இன்றைக்கு வருவதைப் பாருங்கள். ஒரு பெண்ணின் கண் இமையை நூறு சதவீதம் பெரிதாக்கிக் காட்டுவார்கள். அப்புறம் பின்னால் எரியும் சீரியல் பல்பு எவ்வளவு உருண்டையாகக் கரைகிறது என்று பத்து நிமிஷம் பேசுவார்கள். இதற்கு 'போக்கே' என்று பெயர். மங்கல் என்று அர்த்தம் தரும் ஜப்பானியச் சொல். 1997-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை மூலம் ஆங்கிலத்தில் பரவி, இப்போது நம்ம ஊர் கல்யாண ஆல்பம் வரை வந்துவிட்டது. லென்ஸ் என்பது எதையாவது காட்டுவதற்கு. அதை எவ்வளவு நன்றாக மறைக்கிறது என்று மார்க் போடுவது என்ன நியாயம்?

கொஞ்சம் கணக்கு பார்க்கலாம், பயப்பட வேண்டாம். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எஃப் எண் ஒரு வகுத்தல்தான். குவிய தூரத்தைத் துவாரத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. 85 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 1.2 என்றால் துவாரம் சுமார் 7 சென்டிமீட்டர். அத்தனை பெரிய கண்ணாடிக்கு எடையும் விலையும் ஏறும். கேனான் 2019-ல் கொண்டுவந்த 85 எஃப் 1.2-ன் எடை 1,195 கிராம். அதே கம்பெனி 1992-ல் கொண்டுவந்த 85 எஃப் 1.8, வெறும் 425 கிராம். விலை வித்தியாசம் பல மடங்கு.

அந்தப் பல மடங்குக்கு என்ன கிடைக்கிறது? இரண்டே கால் மடங்கு வெளிச்சம். 1.8-ஐ மாட்டிக்கொண்டு ஐஎஸ்ஓவை 800-லிருந்து 1800 பக்கம் ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். இன்றைய சென்சார்கள் அதை முனகாமல் செய்கின்றன.

இன்னொன்றும் கிடைக்கிறது. முழு அளவு சென்சார் கேமராவில் 85 எஃப் 1.2-ஐ ஒன்றரை மீட்டர் தூரத்தில் வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். மனிதனின் மூக்கு நுனிக்கும் காதுக்கும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது ஐயா! ஆக, எண்பத்தோரு வருஷம் வாழ்ந்த மனுஷியில் எங்களுக்குக் கிடைத்தது 2 சென்டிமீட்டர்.

'வேகமான' லென்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1840-ல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித மேதை முகம் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். அதுவரை படத்துக்கு உட்கார்ந்தவர்கள் நிமிஷக்கணக்கில் சிலையாக இருக்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி. பெட்ஸ்வாலின் லென்ஸ் அந்த அவஸ்தையைக் குறைத்தது. ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளிவந்த 'பேரி லிண்டன்' படத்துக்காக, நாஸாவுக்கென்று ஸைஸ் கம்பெனி செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்தார். எதற்கு? மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் காட்சிகளை அந்த வெளிச்சத்திலேயே எடுக்க. இருவருக்கும் வெளிச்சம் போதவில்லை, அதனால் பெரிய துவாரம்.

எங்கள் முற்றத்தில் காலை பத்து மணி. சூரியன் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. அங்கே எதற்கு 1.2?

"பின்னாடி பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்விட்ச் போர்டு, குப்பைக்கூடை எல்லாம் தெரியுமே ஸார்" என்பார்கள். தெரியும்தான். இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். நாற்காலியை நகர்த்துங்கள். மங்கல்தான் வேண்டுமென்றால் ஆளைச் சுவரிலிருந்து பத்தடி முன்னால் கொண்டுவந்து உட்கார வையுங்கள், சாதாரண லென்ஸிலேயே சுவர் கரையும். நகரச் சோம்பல்பட்டுக்கொண்டு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கண்ணாடி வாங்குவதற்குக் கலை என்று பெயரா? மங்கல்தான் கலை என்றால், அதை 2016-லேயே ஐபோன் கணக்குப் போட்டுப் போலியாகத் தர ஆரம்பித்துவிட்டது.

நிஜமான முகப்பட மேதைகள் பின்னணியைக் கண்டு பயப்படவில்லை. ஜெர்மனியின் ஆகஸ்ட் ஸாண்டர் 1928-ல் எடுத்த கேக் மாஸ்டர் படத்தில், அந்தக் குண்டு மனிதர் சமையலறையில் பெரிய பாத்திரமும் கையுமாக நிற்கிறார். 1946-ல் ஆர்னால்டு நியூமேன் எடுத்த இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி படத்தில் முக்கால்வாசி பியானோ மூடிதான். மனிதர் ஒரு மூலையில். அந்த மூடியை மோராக்கியிருந்தால் படம் என்ன ஆகியிருக்கும்? நம்ம ஊர் பழைய ஸ்டூடியோக்களில் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை தொங்கும். பொய்தான். ஆனால் அந்தக் குடும்பம் எதற்கு ஆசைப்பட்டது என்பதையாவது அது சொல்லும். மோர் எதையும் சொல்லாது.

சரி, முகம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்? முழு அளவு சென்சார் என்றால் 85 எஃப் 1.8. சின்ன சென்சார் கேமரா என்றால் 50 எஃப் 1.8 போதும், அதுவே 75, 80 மாதிரி வேலை செய்யும். கடையில் செங்கல் சுவரைப் படம் எடுத்துப் பார்க்காதீர்கள். கூட வந்தவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஆறேழு அடி தள்ளி நின்று, 1.8-ல் ஒன்று, 4-ல் ஒன்று எடுங்கள். இரண்டு கண்ணும் தெளிவாக இருக்கிறதா? மூக்குத்தி ஓரத்திலும் பட்டுச் சரிகையிலும் ஊதா நிறம் கசிகிறதா? துவாரத்தைக் குறைத்ததும் கசிவு அடங்குகிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் வாங்குங்கள். மிச்சக் காசில் ஊருக்குப் போய்ப் பெரியவர்களைப் பாருங்கள்.

கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். வெண்ணெய்ப் படம் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் வயசானவர் இருந்தால், அவருக்கு ஒரே ஒரு படம், 50 லென்ஸை மாட்டி, எட்டடி தள்ளி நின்று, எஃப் 8-ல் எடுங்கள். தெளிவு ஒரு மீட்டருக்கு மேல் பரவும். ஆளும் கிடைப்பார், தூணும் கிடைக்கும். தனியாகச் செலவு ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் மாலை போட்டோம். அந்தத் தூணில் அளந்து கோடு போடப்பட்டவர்களில் ஒருத்தி, இப்போது அவளே ஒரு குழந்தைக்கு அம்மா. அந்தக் குழந்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டது:

"கொள்ளுப் பாட்டி எங்கம்மா உக்காந்திருக்காங்க?"

படத்தில் காட்டுவதற்கு எதுவும் இல்லை. வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.