கேள்வி ஞானமும் கிற்றாரும்

இப்பொழுது நமது அங்கத்தவர்கள் பலருடைய வீடுகளிலே ஒரு கிற்றார் இருக்கின்றது. பிள்ளைகள் எவரிடமும் முறையாகப் படிக்காமல், கேட்ட பாட்டைத் தந்தியிலே தேடித் தேடி வாசிக்கிறார்கள். "இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாமல் வாசிப்பது படிப்பாகுமா? சோதனை எடுக்காமல் என்ன பயன்?" என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். கோயிலிலே தேவாரத்துக்குக் கிற்றார் வாசிப்பது தகுமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கின்றனர். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதால் கற்பதே இசைக்கு முதற்படி. அவ்வாறு கற்கும் பிள்ளைகளுக்கு நமது கூட்டுப் பிரார்த்தனையிலே இடம் கொடுக்க வேண்டும்.

கேட்டுக் கற்பதை நம்மவர்கள் கேள்வி ஞானம் என்பர். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தப் பெருமானுடன் தலந்தோறும் சென்று, அவர் பாடக் கேட்டு யாழிலே இட்டு வாசித்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. திருத்தருமபுரத்திலே ஒரு பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் மனம் நொந்து யாழை உடைக்க முற்பட்டபோது, பிள்ளையார் தடுத்து, கருவியில் வந்த அளவிலே வாசிக்கும்படி அருளினார். கிற்றாரில் கமகம் முழுமையாக வராது என்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். வீணையிலும் 24 மெட்டுகள் அசையாமல் பதிக்கப்பட்டிருக்கின்றன. தந்தியை இழுத்துத்தான் அதிலே கமகம் பிடிக்கிறோம். கிற்றார்த் தந்தியையும் இழுக்கலாம்.

மேல்நாட்டு வாத்தியம் என்பதும் தடையன்று. ஆந்திராவின் பாலகொல்லுவிலே 1969-இல் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாசுக்குக் கற்பித்த சுப்பராஜு அவர்களுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடினார், சிறுவன் கேட்டு வாசித்தான். அந்தச் செவிப்பழக்கமே பின்னாளில் உலகமெங்கும் கச்சேரி செய்த கலைஞரை உருவாக்கியது.

நாம் வாழும் இந்தப் பலெர்மோவுக்கும் இது புதிதன்று. பல்லரோ சந்தைக்கு அருகிலுள்ள காசா புரொஃபெஸ்ஸா தேவாலயத்தை நாம் அறிவோம். இந்நகரத்துப் பார்வையற்ற இசைஞர்கள் 1661-இல் அமைத்த சங்கம் அங்கேதான் கூடியது. நம்மவர்கள் மலையேறிச் சென்று வணங்கும் சாந்தா ரொசாலியாவின் வரலாற்றையும் மற்றும் பல பக்திப் பாடல்களையும் அவர்கள் மனனம் செய்து வீதிகளிலே பாடினார்கள். ஏட்டைப் பார்க்க இயலாத அவர்களுக்குச் செவியே ஏடு. அத்தகைய நாட்டுப் பாடல்களையும் கதைகளையும் கேட்டு எழுதிவைத்த ஜுசெப்பே பித்ரே (1841–1916) இவ்வூர் வைத்தியர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

வைத்தியன் என்ற முறையிலும் சில வார்த்தைகள். கேட்ட சுரத்தைக் குரலால் பாடி, விரலால் தேடி, பிழையென்று கண்டு, மறுபடி தேடும்போது மூளையிலே கேட்கும் பகுதியும் விரலை இயக்கும் பகுதியும் சேர்ந்து பழகுகின்றன. கைத்தொலைபேசியிலே எண்கள் குறித்த படத்தை மட்டும் பார்த்து விரல் வைத்தால் கண்ணே வேலை செய்கின்றது. காது சும்மா இருந்துவிடுகின்றது. இன்னொன்று: ஒவ்வொரு உட்செவியிலும் சுமார் 15,000 உணர்மயிர்க் கலங்களே உள்ளன. பேரொலியால் அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. ஆகவே காதுக்குள் கருவியை மாட்டி உரத்த சத்தத்திலே மணிக்கணக்காகக் கேட்கும் வழக்கத்தைப் பெற்றோர் தடுத்தேயாக வேண்டும்.

வீட்டிலே எப்படித் தொடங்கலாம்? முதலிற் சுருதி சேர்க்கப் பழகட்டும். தடித்த தந்தியிலிருந்து வரிசையாக மி, லா, ரே, சோல், சி, மி என்பன ஆறு தந்திகளின் சுரங்கள். தடித்த தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் சுரம் வரும். மற்றத் தந்திகளும் அப்படியே. சோல் தந்தியில் மட்டும் நாலாம் மெட்டு. இரண்டு ஒலிகளும் சிறிது விலகியிருந்தால் அலை அலையாக ஓர் அதிர்வு கேட்கும். சேரச் சேர அது மெதுவாகி நின்றுவிடும். அதைக் கேட்கத் தெரிந்த பிள்ளை பாதி இசையைக் கற்றுவிட்டது. பின்னர் நன்கு பாடமான ஒரு தேவாரத்தை, முதலில் வாயாற் பாடி, ஒற்றைத் தந்தியிலே தேடட்டும். இத்தாலியப் பாடசாலையிலே 'தோ' என்றும் மாறாத ஒரே சுரம். நமது 'ச' பாடுவோர் குரலுக்கேற்ப இடம் மாறும். பிள்ளை குழம்பாதிருக்க இதனை முன்பே சொல்லிவையுங்கள்.

இசைக்குறிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவிலே ஊரூராகப் பாடி வாசித்த இளையராஜா, அதன் பின்னரே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசைமுறையைப் பயின்றார். முதலிற் செவி, பிறகு எழுத்து. எழுத்து கற்கக் காலம் இருக்கின்றது. ஆனால் நமது பண்களும் பஜனைப் பாட்டுகளும் இங்கே பிறந்த பிள்ளைகளின் காதிலே விழும் காலம் குறுகியது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகூட தேவார இசையைப் பிசகாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த வழியையும் நாம் அடைக்கலாமா?

ஆகவே நிர்வாக சபையாருக்கு என் வேண்டுகோள் இதுதான். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த பின் அரை மணிநேரம் ஒதுக்குங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். ஒரு பெரியவர் பாடட்டும். பிள்ளைகள் பக்கத்திலிருந்து கேட்டு, வருமளவு வாசிக்கட்டும்.