குற்றப்பத்திரிகையின் மொழி

சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொன்றது பொற்கொல்லன் சொன்ன பொய் மட்டுமன்று. மன்னன் அவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே பெரும்பிழை. இன்றைய சட்டம் அப்பிழையைக் களைந்துவிட்டது. குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி விளக்கிய பின்னரே விசாரணை தொடங்க வேண்டும். விளங்குகிறதா என்பதுதான் கேள்வி.

விழுப்புரம், திண்டிவனம் நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் ஒலிக்கிறது. மத்திய முகமைகள் நுழைந்ததும் நிலை மாறுகிறது. முன்னாள் அமைச்சர் பொன்முடி மீது 2012இல் பதிவான செம்மண் குவாரி வழக்கு விழுப்புரத்தில் விசாரணைக்கு வந்தது. அதையொட்டிய அமலாக்கத்துறை வழக்கோ 2023இல் சென்னை நீதிமன்றத்திற்குச் சென்றது. ஒரே நிகழ்வு, இரு நீதிமன்றங்கள், இரு சட்டங்கள். வழக்கின் முடிவு எதுவாயினும், வசதியுள்ளவர் இரண்டு இடத்திலும் வழக்கறிஞர் வைத்துக்கொள்வார். அத்தகைய வழக்கில் சிக்கும் எளிய எழுத்தர் ஒருவர், கட்டுக்கட்டாக வரும் ஆங்கில ஆவணங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் கூறியது. நல்ல தொடக்கம். ஆனால் கைதோடு அது நின்றுவிடலாகாது. ஏழைக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு, குற்றப்பத்திரிகையின் தமிழாக்கத்தையும் தர வேண்டும். தன்மீது சொல்லப்படுவது என்னவென்றே அறியாதவன் எதை மறுப்பான்?