மாதம் லட்சம் தருமா மண்புழு? முட்டுக்காட்டில் இருந்து ஒரு கணக்கு

‘ரெண்டு சென்ட் இடம், ஒரு லோடு சாணம், நாலு கிலோ புழு. மாசம் லட்ச ரூபா!’ இப்படி ஒரு ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐடி வேலையை விட்டுவிட்டு வந்தவர் கை நிறைய புழுவை அள்ளிக் காட்டுவார். கீழே ஒரு செல்போன் எண் ஓடும்.

இன்னொரு பக்கம், மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருகின்றன. குப்பையை இனி ஈரக்கழிவு, உலர்கழிவு, சானிட்டரி கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன இந்த விதிகள். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடம் ‘மொத்தக் கழிவு உற்பத்தியாளர்’. அது தன் ஈரக்கழிவை முடிந்தவரை தன் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும். 100 கிலோ என்ற அளவுகோல் புதிதல்ல, 2016 விதிகளிலேயே இருந்ததுதான். அது எவ்வளவு தூரம் நடந்தது என்பதை பெருங்குடி, கொடுங்கையூர் பக்கம் போய்வந்தால் மூக்கே சொல்லிவிடும்.

விதி ஒரு பக்கம், ரீல்ஸ் ஒரு பக்கம். நடுவில் நிற்பது ஒரு சின்னப் புழு. அதனால் என்ன முடியும், என்ன முடியாது?

வார இறுதிக் குப்பை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையில் இருந்து தெற்கே போனால் கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருவது முட்டுக்காடு. செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சி. ஊர் சின்னதுதான். ஆனால் படகுக் குழாம் இங்கே, தட்சிணசித்ரா இங்கே, பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இங்கே, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையமும் இங்கே. சாலையின் இருபுறமும் ரிசார்ட், கல்யாண மண்டபம், கடல் உணவு ரெஸ்டாரன்ட். போதாததற்கு கலைஞர் பன்னாட்டு அரங்கத்துக்கு 2025-ல் இங்கேதான் அடிக்கல் நாட்டினார்கள். ஒரே நாளில் பல ஆயிரம் பேர் சாப்பிடப் போகும் இடம் அது.

இந்த ஊரின் குப்பைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. செவ்வாய்க்கிழமை ஒரு அளவு, ஞாயிற்றுக்கிழமை வேறு அளவு. மண்புழு உரம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தொடாத விஷயம் இதுதான்.

மண்புழு ஒரு நாளில் ஏறக்குறைய தன் எடையில் பாதி அளவு தின்னும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாலு பேர் இருக்கும் வீட்டில் தினம் ஒரு கிலோ காய்கறிக் கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ புழு போதும், ஒரு பெரிய தொட்டி போதும். சரி, இப்போது 5,000 பேர் சாப்பிடும் ஒரு விழா. ஆளுக்கு வாழையிலையும் மிச்சமுமாக 200 கிராம் என்றாலே 1 டன். அதை ஒரே நாளில் முடிக்க 2 டன் புழு வேண்டும். அடுத்த விழா வரும்வரை அந்த 2 டன் புழுவுக்கு யார் சோறு போடுவது? மண்புழுவை ஸ்விட்ச் போட்டு நிறுத்தி வைக்க முடியாது. மாடு வளர்ப்பது மாதிரிதான். தினமும் தீவனம் வேண்டும், அளவாக வேண்டும்.

அளவு மீறிக் கொட்டினால் இன்னொரு சிக்கல். புதுக் கழிவு மக்கும்போது சூடு கிளம்பும். குவியலின் உள்ளே 55 டிகிரியைக்கூடத் தாண்டும். புழுவுக்கு 35 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து. தப்பி ஓடும், வழியில்லாவிட்டால் செத்துப்போகும்.

குப்பையின் சேர்மானமும் புழுவுக்கு ஒத்துவராது. மீன் செதில், இறால் ஓடு, பிரியாணி எண்ணெய், உப்பு... உப்பும் எண்ணெயும் புழுவுக்கு விஷம் மாதிரி. அதன் தோல்தான் அதற்கு நுரையீரல். ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. உப்பு பட்டால் உடலில் இருக்கும் நீர் வெளியேறிவிடும். கடலோரத்தில் போர்வெல் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் இடங்களில் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் தெளிப்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. இளநீர் கூடு, சவுக்கு இலை இரண்டும் இந்தச் சாலையில் மலிந்து கிடப்பவை. இவற்றைத் துண்டாக்கி மாதக்கணக்கில் மக்க வைக்காமல் புழு வாய் வைக்காது.

அப்போ முட்டுக்காட்டுக்கு மண்புழு உதவாதா? உதவும், ஆனால் முதல் ஆளாக அல்ல. திடீரென்று குவியும் ஹோட்டல் கழிவுக்கும் மீன் கழிவுக்கும் சாண எரிவாயுக் கலன் பொருத்தம். தோட்டக் கழிவையும் இலையையும் முதலில் குவியல் முறையில் சூடேற்றி மக்க வைக்கலாம். அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க்கிருமியும் பெருமளவு அழியும். புழுத் தொட்டியில் அப்படிச் சூடு எழாது என்பதால் அவை அழியும் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, சூடு தணிந்த பிறகு புழுவை விட வேண்டும். பாதி மக்கியதை நைஸாக முடித்துக் கொடுக்கும் வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை.

நிலையான தீவனம் கிடைக்கும் இடங்களும் இங்கே உண்டு. தினம் ஒரே எண்ணிக்கையில் ஆட்கள் சாப்பிடும் கேன்டீன், ஹாஸ்டல், அடுக்குமாடிக் குடியிருப்பு. மண்புழுவுக்கு ஏற்ற வாடிக்கையாளர்கள் இவர்கள்தான். இதே மாவட்டத்தில் பம்மலில் 1990-களில் ஒரு மகளிர் குழு வீடு வீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கி மண்புழு உரம் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு அது ‘எக்ஸ்னோரா கிரீன் பம்மல்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. அங்கே மூலப்பொருள் வீட்டுக் குப்பை, தினமும் வருவது, வாசலிலேயே பிரிக்கப்பட்டது. புழுவைவிட அந்த ‘வாசலிலேயே பிரித்தல்’தான் பெரிய சாதனை என்பது என் கணிப்பு. கலந்த குப்பையை யார் கையால் பிரிப்பது என்ற கேள்வி வந்தால், ஊராட்சிகளில் அது கடைசியில் தூய்மைக் காவலர்களின் தலையில்தான் விழுகிறது.

எந்தப் புழு?

கடையில் கிலோ கணக்கில் கிடைப்பது பெரும்பாலும் வெளிநாட்டு வரவு. ஆப்பிரிக்காவில் இருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே, ஐரோப்பாவைச் சேர்ந்த எய்சீனியா ஃபெட்டிடா. வேகமாகத் தின்னும், வேகமாகப் பெருகும். இவை குப்பையின் மேற்பரப்பில் வாழும் வகை. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘வயலில் விட்டால் நிலத்தை உழுதுவிடும்’ என்று விற்பவர்கள் உண்டு. உழாது. மேலே கழிவு தீர்ந்தால் அதன் கதை முடிந்தது. மண்ணுக்குள் ஆழமாகத் துளை போட்டு மேலும் கீழும் போய்வருவது வேறு வகை.

சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது இந்த இடத்தைத்தான். மேல்மட்டத்துக்கு பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், அதற்குக் கீழே லாம்பிட்டோ மொரிஷி என நம் மண்ணின் புழுக்களே போதும், இறக்குமதி எதற்கு என்பது அவர் வாதம். 2021-ல் தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழுவின் உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார். புழுவை வாங்காமல், ஈரமான நிழல் மண்ணில் சாணமும் இலையும் போட்டு உள்ளூர்ப் புழுவை வரவழைக்கலாம் என்பது இந்த அணுகுமுறை. மெதுவானது. அதைவிட முக்கியமாக, இதில் விற்பவருக்கு லாபம் இல்லை. ரீல்ஸில் இது வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். மண்புழுவின் உழைப்பைப் பற்றி டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை எழுதியது 1881-ல். பத்தே ஆண்டு கழித்து, 1891-ல் வந்த பெ.சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் நடராசன் என்ற பாத்திரம் ஒரு நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து நெகிழ்ந்து பேசும். நாங்கூழ் என்றால் மண்புழு.

லட்ச ரூபாய் எங்கே இருக்கிறது?

இப்போது காசு விஷயம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரத்தில் குறைந்தது 1 சதவீதம் தழைச்சத்து, தலா 0.8 சதவீதம் மணிச்சத்தும் சாம்பல்சத்தும், 18 சதவீதம் கரிமச் சத்தும் இருக்க வேண்டும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். அதாவது 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து. அதே அளவு தழைச்சத்து மண்புழு உரத்தில் வேண்டுமென்றால், குறைந்தபட்சத் தரத்தில் 2 டன்னுக்கு மேல் வேண்டும். கிலோ 10 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. வேப்பெண்ணெய் பூசிய யூரியா மூட்டை மானியத்தில் 266.50 ரூபாய்.

இந்த ஒப்பீடு முழு நியாயமானதல்ல என்பதும் உண்மை. மண்புழு எச்சத்தை யாரும் தழைச்சத்துக்காக மட்டும் வாங்குவதில்லை. முட்டுக்காடு போன்ற கடலோர மணலில் தண்ணீர் ஊற்றினால் நிற்காது, போட்ட உரமும் கூடவே வடிந்துவிடும். கரிமச் சத்து சேரும்போது அந்த மணலுக்குப் பிடிமானம் வருகிறது. யூரியாவால் அது முடியாது. ஆனால் 2 ஏக்கர் நெல் போடும் விவசாயி கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார். அதனால் காசு கொடுத்து வாங்குபவர் பெரும்பாலும் மாடித்தோட்டக்காரர், நர்சரி, ரிசார்ட் தோட்டம். அந்தச் சந்தை இருக்கிறது, நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது முட்டுக்காட்டுக்கு வசதியும்கூட. ஆனால் எல்லையில்லாத சந்தை அல்ல. சாணம் விலை, ஏற்றி இறக்கும் கூலி, தினசரி தண்ணீர், சலிக்கும் ஆள் எல்லாம் போட்டுப் பாருங்கள். ஒரு டன் கழிவு போட்டால் உரமாகத் தேறுவது ஏறக்குறைய பாதிதான்.

அப்படியென்றால் லட்சம் சம்பாதிப்பவர் யார்? பல இடங்களில், உரம் விற்பவர் அல்ல. புழு விற்பவரும் பயிற்சி வகுப்பு நடத்துபவரும்தான். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நல்ல சூழல் கிடைத்தால் புழு இரண்டு மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும். ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்கத் தேவையில்லை, சீக்கிரமே அவரும் விற்கத் தொடங்குவார். வாங்குபவர் எல்லோரும் விற்பவராக மாறும் தொழில், புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்தான் ஓடும்.

‘நீங்க வளர்த்தா போதும், நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்’ என்ற வாக்குறுதி வரும் இடத்தில் இரண்டு மடங்கு உஷார் தேவை. 2012-ல் பெருந்துறை ஈமு பண்ணைகளில் பணம் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஈமுவுக்கு இறைச்சிச் சந்தையே உருவாகாமல், குஞ்சு விற்பதில் மட்டும் பணம் சுற்றியது. புழுவிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், வளர்ப்பவர்களிடம் புழுவைத் திரும்ப வாங்குவதாக ஒப்பந்தம் போட்ட ஒரு நிறுவனம் 2003-ல் திவாலானது. வளர்த்தவர்கள் கையில் மிஞ்சியது புழு மட்டும்.

வீட்டுக்கு என்றால்

தொழிலாக இல்லாமல் உங்கள் பால்கனித் தக்காளிக்கு என்றால் கணக்கு வேறு. அங்கே இது கிட்டத்தட்ட இலவசம். மூடியும் காற்றுத் துளையும் உள்ள தொட்டி, அடியில் தென்னை நார்க்கழிவு அல்லது காய்ந்த இலை, அதன்மேல் சூடு தணிந்த பழைய சாணம், பிறகு புழு. பிழிந்த ஸ்பாஞ்சு அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். முதல் பத்து நாள் கொஞ்சமாகவே போடுங்கள். வெங்காயத் தோலும் எலுமிச்சையும் அளவோடு. ஊறுகாய், குழம்பு, மீன் கூடவே கூடாது. எறும்பு வந்தால் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். மே மாதத்தில் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். நிழலும் மேலே ஈரச் சாக்கும் கட்டாயம். 45 முதல் 60 நாளில் மேல்பகுதி தேயிலைத்தூள் மாதிரி ஆகும். வெளிச்சத்தில் கொட்டிக் குவித்து வைத்தால் புழு அடியில் இறங்கிவிடும், மேலே இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகம் அல்லது தீனி அதிகம். மண்வாசனைதான் வர வேண்டும்.

தொழிலாகவே செய்ய நினைப்பவர்களுக்கு இதே மாவட்டத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய் வரலாம். விற்பவரிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: கடந்த ஆண்டு உங்கள் வருமானத்தில் உரம் எவ்வளவு, புழு எவ்வளவு? உரத்தை வாங்கிய மூன்று பேரின் எண் கிடைக்குமா?

முட்டுக்காடு ஊராட்சிக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. பன்னாட்டு அரங்கம் இயங்கத் தொடங்கும் நாளில் அது மொத்தக் கழிவு உற்பத்தியாளர் பட்டியலில் வந்துவிடும். பக்கத்திலேயே முகத்துவாரம். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் குப்பை கொட்டத் தடை இருப்பதால், கழிவை ஒதுக்குப்புறமாகத் தள்ளிவிடவும் வழியில்லை. எரிவாயுக் கலனுக்கும் மக்கும் குவியலுக்கும் புழுத் தொட்டிக்கும் எத்தனை சதுர அடி, எந்த மூலையில் என்பதைக் கட்டடம் எழும்பும்போதே வரைபடத்தில் காட்டச் சொல்லி கிராம சபையில் கேட்கலாம்.