மாமனாருக்கு ஒரு ஷாக்!

மாப்பிள்ளை மாமனாருக்கு ஷாக் கொடுப்பது உலக வழக்கம்தான். ஆனால், என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டாக்டரே கொடுத்தது எங்கள் வீட்டில்தான்!

போன மாசம் ஒரு ராத்திரி. டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மாமனார், “நெஞ்சுக்குள்ளே குதிரை ஓடற மாதிரி இருக்கு மாப்ளே” என்றார். வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் ஈ.ஸி.ஜி. எடுத்தால், நிமிஷத்துக்கு 190 துடிப்பு! இதயத்தின் கீழ் அறையில் கோளாறாம். பி.பி. இறங்கிக்கொண்டே போனது.

“உடனே கரண்ட் ஷாக் கொடுக்கணும்” என்றார் டாக்டர்.

“ஐயோ, கரண்ட் பில்லுக்கே ஷாக் ஆகிற மனுஷராச்சே!” என்று மாமியார் அழ ஆரம்பித்தார்.

“வாத்தியார் இல்லாத கிளாஸ்ல பசங்க கத்தறாங்கம்மா. ஹெட்மாஸ்டர் வந்து டேபிள்ல ஒரு தட்டு தட்டினா கப்சிப்! அப்புறம் கிளாஸ் லீடர் பழையபடி பார்த்துப்பான். மேல் அறையில அப்படி ஒரு லீடர் இருக்கான்” என்றார் டாக்டர்.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். மயக்க ஊசி. துடிப்போடு நேரம் பார்த்து மெஷின் ஷாக்கை விட்டது. நேரம் தப்பினால் கூச்சல் கலவரமாகிவிடுமாம்!

கண் விழித்த மாமனார் கேட்ட முதல் கேள்வி: “என்ன, கரண்ட் வந்துடுச்சா?”

மறுநாள் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். 1947-ல் அமெரிக்காவின் க்ளீவ்லேண்டில் க்ளாட் பெக் என்ற சர்ஜன், ஆபரேஷன் டேபிளில் இதயம் தாறுமாறாகிப்போன 14 வயசுப் பையனுக்கு, திறந்த நெஞ்சுக்குள்ளேயே ஷாக் கொடுத்துப் பிழைக்க வைத்தாராம். 1962-ல் பெர்னார்ட் லௌன், துடிப்பைப் பார்த்து டி.ஸி. கரண்ட் விடும் வித்தையைக் கொண்டுவந்தார். 1980-ல் மிஷெல் மிரோவ்ஸ்கி குழுவின் முயற்சியால், மெஷினே உடம்புக்குள் குடியேறிவிட்டது. மாமனாரின் இடது காறை எலும்புக்குக் கீழே இப்போது ஒன்று இருக்கிறது. வாடகை கிடையாது, அட்வான்ஸ்தான் கொஞ்சம் அதிகம்!

“சினிமாவில் கோடு நேராகப் படுத்ததும் ஷாக் கொடுக்கிறாங்களே டாக்டர்?”

“காலி கிளாஸ்ல டேபிளைத் தட்டி என்ன சார் பிரயோஜனம்? அதுக்கு நெஞ்சை அமுக்கறதும் மருந்தும்தான்.”

ஆனால், துடிப்பு வெறும் நடுக்கமாகி ஆள் சுருண்டு விழுந்தால் ஷாக்தான் கதி. யாரும் நெஞ்சை அமுக்காமல் நின்றால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறதாம். பி.காம். படித்தவன் சொல்கிறேன்... இப்படி நிமிஷ வட்டியை எந்தக் கந்துவட்டிக்காரரும் போட்டதில்லை! அதனால் 108-க்குப் போன் பண்ணிவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தமாக அமுக்கிக்கொண்டே இருங்கள். சுற்றி நின்று சோடா தெளிக்க வேண்டாம்.

அந்த ஃபாரத்தில் நான் போட்ட கையெழுத்தைப் பிறகு பார்த்தேன். நடுங்கி, நெளிந்து, யாரோ போட்டது மாதிரி இருந்தது. செக்காக இருந்தால் பேங்க்கில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில், மாமனாரைத் திருப்பி அனுப்பினார்கள்!