முகப்புச் சிலை சொல்லும் செய்தி

விலையுயர்ந்த மகிழுந்தைக் காண்போரின் கண்கள் முதலில் நாடுவது அதன் முகப்பில் நிற்கும் சிறு சிலையையே. பாயும் ஜாகுவார், மூன்று முனை விண்மீன், ஆடை பறக்க முன்சாய்ந்து நிற்கும் மங்கை என அவை பல வகைப்படும். அவற்றைச் செல்வச் செருக்கின் அடையாளம் என்று மட்டும் எண்ணுவது பொருந்தாது.

முகப்புச் சிலை நின்ற இடம் தேவையால் அமைந்த இடமாகும். தொடக்கக்கால மகிழுந்துகளில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் மூடி வெளியே தெரியும்படி இருந்தது. நீரின் சூட்டை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே அறியும் பொருட்டு அம்மூடியின்மேல் வெப்பமானியும் பொருத்தப்பட்டது. அழகை விரும்பியோர் அவ்விடத்தில் சிலைகளை வைத்தனர். பின்னர் நிறுவனங்களும் தமக்குரிய சின்னங்களை உருவாக்கின. டைம்லர் நிறுவனம் 1909இல் பதிவுசெய்த மூன்று முனை விண்மீன், நிலம், நீர், வான் ஆகிய மூன்றிலும் தன் இயந்திரங்கள் இயங்க வேண்டும் என்னும் வேட்கையைக் குறித்தது. அதுவே மெர்சிடிஸ் மகிழுந்துகளின் அடையாளமாயிற்று.

ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்துகளை 1911 முதல் அணிசெய்யும் மங்கையின் சிலையைச் சார்லஸ் சைக்ஸ் என்னும் சிற்பி வடித்தார். அதற்கு முன்மாதிரியாக விளங்கியவர் எலினார் தார்ன்டன் என்பது பரவலான கருத்து. அவர் செல்வக் குடியில் பிறந்த சீமாட்டி அல்லர். மாண்டேகு பிரபுவிடம் செயலராகப் பணியாற்றியவர். 1915 டிசம்பர் 30 அன்று, இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த பெர்சியா என்னும் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மத்தியதரைக் கடலில் தாக்கி மூழ்கடித்தது. உயிரிழந்த 300க்கும் மேற்பட்டோருள் எலினாரும் ஒருவர். அவருடன் பயணம் செய்த பிரபு உயிர் தப்பினார். செல்வர்களின் வண்டிமுன் நிற்பது உழைத்து வாழ்ந்த ஒரு பெண்ணின் உருவம் என்பதை அறிந்தபின், அச்சிலையை விலையால் மட்டும் மதிப்பிட மனம் ஒப்புமோ?

எனினும், வண்டியின் முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும் உலோகம் சாலையில் நடப்போரைக் காயப்படுத்தக்கூடும். ஆதலால், பாதசாரிகளின் பாதுகாப்பைக் கருதி ஐரோப்பாவில் விதிகள் வகுக்கப்பட்டன. நிறுவனங்கள் பல இத்தகைய சிலைகளைக் கைவிட்டன. மெர்சிடிஸ் விண்மீன் மோதினால் மடங்குமாறு அமைக்கப்பட்டது. இக்கால ரோல்ஸ் ராய்ஸ் மங்கையோ, மோதல் நேர்ந்தவுடன் முகப்பினுள் மறைந்துவிடுகிறாள்.

அழகும் மரபும் இதனால் அழிந்தன என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தம் முற்றிலும் தவறன்று. கைவினைத்திறன் மிக்க ஒரு கலை அருகி வருவது இழப்பே. ஆயினும், வண்டியில் செல்பவரின் பெருமையைவிடத் தெருவில் நடப்பவரின் உயிர் பெரிது. அவ்வுயிரைக் காக்கத் தலைதாழ்த்தும் சிலை தன் மதிப்பை இழப்பதில்லை. முன்னினும் உயர்ந்தே நிற்கிறது.